மூன்றடிக் கட்டில்

மூன்றடி அளந்து சாக்பீஸால் கோடு போட்டாயிற்று. போட்ட கை சும்மா இருக்கிறதா, அதற்கு வெளியே ஒரு இஞ்ச் தள்ளி இன்னொரு கோட்டையும் போடுகிறது. நாற்பது வருஷத்துப் பழக்கம். துணியாக இருந்தால் அந்த ஒரு இஞ்ச் தையலுக்குள் போய்விடும், மரத்துக்கு எங்கே போகும், பலகையை ஊசி நூல் வைத்தா மூட்டப் போகிறேன்? காலையில் முதல் பலகையை அப்படித்தான் வெளிக்கோட்டில் அறுத்துத் தொலைத்தேன். பொன்னுலிங்கம், நீ ஜாக்கெட் வெட்டவில்லையப்பா, கட்டில் வெட்டுகிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி ஒரு இஞ்ச் அறுத்தேன், வேர்த்துவிட்டது. கோவில்பட்டியில் லேடீஸ் டெய்லர் பொன்னுலிங்கம் என்றால் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கேட்டாலும் வழி சொல்வார்கள், ஆனால் ரம்பம் பிடித்த பொன்னுலிங்கத்தை யாரும் பார்த்ததில்லை, நானே இன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஏழு பலகை, ஒவ்வொன்றும் ஐந்தடி, ஏழையும் மூன்றடியாக்க வேண்டும். அப்புறம் கால்மாட்டுப் பலகை. அப்புறம் தலைமாட்டுப் பலகை, அதை இப்போது நினைக்க வேண்டாம். மகள் வல்லி ஒன்றரைக்குச் சாப்பிட வருவாள். ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு, இன்றோடு கடைசி. திங்கட்கிழமை ஓசூருக்குப் போகிறாளாம், ஏதோ கம்பெனியாம், ஹாஸ்டலும் அவர்களே கொடுக்கிறார்களாம். இங்கேயே இருக்கக் கூடாதா தாயி என்றேன். "எங்க இருக்கதுப்பா, ஹால்ல அம்மாவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவுலயா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து பத்து நாளாக எனக்கு இதே வேலை. அவளுக்கென்று ஒரு ரூம், சாத்தினால் சாத்துகிற கதவு, உள்ளே ஒரு ஆள் படுக்கிற மாதிரி ஒரு கட்டில். இன்றைக்கு மத்தியானம் அவள் வந்து பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு, போகலைப்பா என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ரம்பம் பாதி போனதும் இறுகிக்கொள்கிறது. மழைத் தண்ணீர் குடித்த மரம் இப்படித்தான் பிடிக்கும் என்று மரக்கடையில் சொன்னார்கள், கொஞ்சம் மெழுகு தேய் என்றார்கள். தேய்த்திருக்கிறேன். ஐப்பசி மழை முழுக்க இந்தக் கட்டில் தலையில்தான் பெய்திருக்கிறது, அருப்புக்கோட்டையில், வல்லியைக் கட்டிக்கொடுத்த வீட்டு மொட்டை மாடியில். அவள் அங்கிருந்து ஒரேயடியாகக் கிளம்பி வந்த மறுநாளே தூக்கி மாடியில் போட்டுவிட்டார்களாம். அண்டாவை உள்ளே வைத்துக்கொண்டார்கள், கிரைண்டரை உள்ளே வைத்துக்கொண்டார்கள், கட்டில் மட்டும் அவர்கள் கண்ணுக்கு ஆகவில்லை. பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி, போன பங்குனியில் சீர்ச் சாமான் எல்லாம் ஒரு குட்டியானை வண்டியில் திரும்பி வந்தது. வண்டிக்காரன் சந்துக்குள் வர மாட்டேன் என்று தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். கல்யாணத்தன்று அதே தெருவில் அதே சாமானை வரிசையாக வைத்து ஊரைக் கூட்டிக் காட்டியவன்தானே நான், இப்போது அதே ஊர் காசு கொடுக்காமல் இன்னொரு தரம் பார்த்தது. எதிர்வீட்டு ஜெயமணி வாசலில் நின்று, "என்ன அண்ணாச்சி, வீடு மாத்துதீகளா?" என்று கேட்டாள். தெரிந்துதான் கேட்டாள். ஆமா தாயி, மாத்துதோம் என்றேன். வல்லி நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள், கட்டிலைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வை எனக்குப் போதும். கட்டிலைப் பின்பக்கம் நகர்த்தித் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். கால் நான்கும் ஊறிப் பருத்திருந்தன, பாலிஷ் பால் ஆடை மாதிரி உரிந்தது. உப்புத்தாளால் ஐந்து நாள் தேய்த்தேன், வெடிப்புகளில் பட்டி வைத்தேன், காய்ந்ததும் திரும்பத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உள்ளே மரம் நல்ல மரமாகத்தான் இருந்தது, பாவம், அதன்மேல் என்ன குற்றம்.

ரூம் என்று சொல்கிறேனே, அது வெட்டுத்துணி மூட்டை போட்டு வைத்திருந்த இடம். நாற்பது வருஷத்து மிச்சம், பட்டு, பருத்தி, வாயில், எதற்காவது ஆகும் எதற்காவது ஆகும் என்று சேர்த்து வைத்து எதற்கும் ஆகாமல் எலி குடும்பம் நடத்தியது. பதினோரு மூட்டையை வெளியேற்றினேன். சுவரில் ஓதம் ஏறியிருந்தது, சுரண்டிவிட்டு வெள்ளைச் சிமெண்டு பூசினேன். பசுவந்தனை ரோட்டில் இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் ஒரு ஜன்னல் கிடைத்தது, இரண்டு கதவும் இரண்டு வீட்டுக் கதவு, ஒன்று அரை இஞ்ச் குட்டை, அடியில் சட்டம் வைத்து இழுத்துச் சரிக்கட்டினேன். டைல்ஸ் கடையில் உடைந்த பெட்டியில் மிஞ்சினது என்று பாதி விலைக்குக் கொடுத்தார்கள், ஒன்றுக்கொன்று ஒட்டாத டிசைன், துண்டுத்துணியில் மெத்தை உறை தைக்கிற மாதிரி மாற்றி மாற்றி வைத்தேன், தரை நன்றாகத்தான் இருக்கிறது. பெயிண்டுதான் கொஞ்சம் கோளாறு. ஜெயமணி வீட்டில் மிஞ்சிய பச்சை அரை டின், கோவில் சுவருக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் கால் டின், கலந்தால் மாம்பிஞ்சு கலர் வரும் என்று கணக்குப் போட்டேன். வந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரி கோமதி, "இது என்னங்க, புள்ள கக்குன பால் மாதிரி இருக்கு" என்றாள். நாற்பது வருஷம் நூல் கலர் பார்த்து எடுத்தவனுக்கு இது தேவையா. திரைக்கு ரோஸ் லைனிங் துணி போட்டிருக்கிறேன், அது கொஞ்சம் சமாளிக்கிறது. வல்லி தினமும் வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்ப்பாள், "எதுக்குப்பா இந்த வேகாத வெயில்ல" என்பாள், போவாள். கட்டிலைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான்காவது பலகை. கோமதி மோர் கொண்டு வந்து நிற்கிறாள், நின்றுகொண்டே இருக்கிறாள், அப்படி என்றால் ஏதோ சொல்ல வேண்டும். "இந்தாங்க, நான் சொல்லுதத கேளுங்க. கட்டில அறுக்காதீக. சீர்க் கட்டில அறுக்கது நல்லா இல்ல. பழைய சாமான் கடையில போட்டுட்டு ஒரு இரும்புக் கட்டில் எடுத்துக்கிடுவோம்." நாலு பலகை அறுத்த பிறகா சொல்லுத என்றேன். "நேத்தும் சொன்னேன், நீங்க ரேடியோவ சத்தமா வச்சிருந்தீக." ஏளா, ரூம் எட்டடிக்கு ஏழடி, அதுல அஞ்சடிக் கட்டிலப் போட்டா பிள்ள நிக்க இடம் இருக்காது என்றேன். அது ஒரு காரணம்தான், பெரிய காரணம் அது இல்லை. ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டேன்: "ரெட்டைக் கட்டில்ல அவ ஒத்தையில படுத்துக் கெடக்கணுமா? தெனமும் மறுபாதி அவளப் பாத்துக்கிட்டே இருக்குமில்லா. ஒரு ஆளுக்கு அளவாப் பண்ணிட்டா அது வேற கட்டில். அந்தக் கட்டில் இல்ல." கோமதி மோர் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "எம்பிள்ள என்ன கொற பட்டாளோ, ஒரு நா வாயத் தெறந்து சொன்னாளா? வரும்போதெல்லாம் சிரிச்ச மொகமாத்தான் வந்தா. ஒரு அடையாளம் காட்டியிருந்தா விட்டுருப்பமா நாம?" என்றாள். நான் குனிந்து பலகையில் சாக்பீஸ் தூளை ஊதினேன். ஊத அங்கே ஒன்றும் இல்லை. அவள் போய்விட்டாள், அடுப்பில் குழம்பு.

அடையாளம் காட்டவில்லையா. கோமதிக்குத் தெரியாது. சேலை எல்லாவற்றையும் மறைத்துவிடும், டேப் கிட்டே மட்டும் மறைக்க முடியாது. கல்யாண ஜாக்கெட் மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, கை பன்னிரண்டு. மயில்கழுத்துப் பட்டு. கல்யாண ஜாக்கெட்டுக்கு உள்ளே இரண்டு இஞ்ச் துணி மடித்து விடுவோம், எந்த டெய்லரைக் கேட்டாலும் சொல்வான், பெண் புகுந்த வீடு போய்ச் சதை போடுவாள், பிள்ளை உண்டாவாள், பிரித்துவிட்டுக்கொள்ளத் துணி வேண்டும். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் இரண்டு இஞ்ச் விட்டவன் என் பிள்ளைக்கு இரண்டரை விட்டேன். தலை தீபாவளிக்கு வந்தாள். "யப்பா, ஜாக்கெட்டு லூசா இருக்கு, ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடுங்க." டேப்பை வைத்தேன், முப்பத்தைந்து. சரி, புது ஊர், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. மறு சித்திரையில் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்தாள், பையிலிருந்து நாலு ஜாக்கெட் எடுத்து வைத்தாள், பிடிச்சுக் குடுங்கப்பா. முப்பத்து மூன்றரை. அந்த வீட்டில் வேலை அதிகம் போலிருக்கிறது, வேலை செய்தால் உடம்பு இறுகும்தானே. போன வருஷம் தையில் என் மைத்துனன் மகள் கல்யாணத்துக்கு வந்தாள், அதே மயில்கழுத்துப் பட்டு, முப்பத்தொன்றரை. தோளில் எலும்பு டேப்பைத் தட்டியது. கை மடக்கில் இரண்டு விரல் தாராளமாகப் போனது. நான் பென்சிலால் துணியில் குறித்துக்கொண்டேன், மிஷினில் உட்கார்ந்தேன், இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தேன். பழைய தையல் தடம் தெரியாமல் இருக்க இஸ்திரி போட்டுக்கூடக் கொடுத்தேன், அவ்வளவு சுத்தமான வேலை. இப்ப சரியா இருக்காம்மா என்று கேட்டேன். சரியா இருக்குப்பா என்றாள். கேட்டதே அந்த ஒரு கேள்விதான், அதுவும் ஜாக்கெட்டைப் பற்றி.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் முதலில் சொன்ன பாடம், கண் டேப்பில் இருக்க வேண்டும், வாய் பூட்டிக் கிடக்க வேண்டும். லேடீஸ் டெய்லர் ஒரு பெண்ணைப் பார்த்து, என்னம்மா பெருத்துட்டே, என்னம்மா இளைச்சுட்டே என்று சொன்னால் மறுநாள் கடை காலி. எத்தனை பேருக்கு எத்தனை அளவு, யார் மாசமாக இருக்கிறாள் என்று புருஷனுக்குத் தெரியும் முன்னே எனக்குத் தெரியும், எந்தப் பேச்சும் என் கடைப் படியிறங்கிப் போனதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையைத் தூக்கி என் பிள்ளை மேலேயே போட்டேன். அவள் வாடிக்கைக்காரியா? இல்லை, பொய், பொய் சொல்லாதே பொன்னுலிங்கம், தொழில் மேல் பழியைப் போடாதே, இங்கே நீயும் மரமும்தான் இருக்கிறீர்கள். கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும், பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டும், அதற்குப் பயம். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவன் நான். கோமதி, ஏங்க, பையன் ஒரு வார்த்தை பேசவே இல்லையே என்றாள், நான் அடக்கமான பையன்ளா என்றேன். அடக்கம். மாசக்கணக்காகக் கட்டினவளிடம் பேசாமல் இருக்கிற அளவுக்கு அடக்கம். அடிக்கவில்லை, வையவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான் வல்லி சொன்னது, நாலு பெரியவர்கள் முன்னால் அதைச் சொன்னபோது ஒருவர், இதெல்லாம் ஒரு குத்தமாம்மா என்று கேட்டார். தையிலேயே நான் கேட்டிருந்தால் ஏழு மாதம் மிஞ்சியிருக்கும் அவளுக்கு. ஆவணியில்தான் வந்தாள். ஏழு மாதம் என்பது எத்தனை நாள், வேண்டாம், ஆறாவது பலகையில் ஆணி இருக்கிறது, பார்த்து அறுக்க வேண்டும், ரம்பத்துப் பல் போய்விடும்.

அவள் அந்த வீட்டை விட்டு வந்த அன்றைக்குப் பதினோரு மணி இருக்கும், பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன், போன் வந்தது. "யப்பா, பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" எந்த பஸ் ஸ்டாண்டு என்றேன், அருப்புக்கோட்டையில என்றாள். தனியாக வரத் தெரியாதவளா, பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம், ஆனால் வந்து கூட்டிட்டுப் போங்க என்கிறாள். நான் போய் இறங்கும்போது டைம் ஆபீஸ் ஓரத்தில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். பார்க்கிறேன், இவ்வளவு சின்னதாகவா இருக்கிறாள். அன்றைக்குக்கூட நான் கேட்கவில்லையே. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன், பந்தல்குடியில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தேன், மிளகாய்ப்பொடி போட்டு, அவள் ஒரு துண்டு கடித்துவிட்டுக் கையிலேயே வைத்திருந்தாள், எட்டயபுரம் தாண்டியும் கையிலேயே இருந்தது. வெயில்படுதா தாயி, ஜன்னலச் சாத்தவா என்று கேட்டேன். அது கேட்கத் தெரிந்தது. இப்போது ஓசூர். யாரென்று தெரியாத ஊர், ஆறு பேர் தங்குகிற ரூம், சாப்பிட்டாளா என்று பார்க்க ஆள் கிடையாது. எட்டு மாதம் கோமதி கையால் சாப்பிட்டு ஒரு இஞ்ச் ஏறியிருக்கிறாள், முப்பத்திரண்டரை, டேப் வேண்டாம், கண்ணாலேயே சொல்வேன். அங்கே போய் மறுபடி கரைந்தால்? தீபாவளிக்கு வந்து பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்தால் நான் என்ன செய்வேன்? அதனால்தான் ரூம். அதனால்தான் பெயிண்ட், ஜன்னல், லைனிங் துணி. போகாதே என்று வாயால் சொல்ல எனக்கு என்ன யோக்யதை இருக்கிறது, தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறவன்.

ஏழும் முடிந்தது, கால்மாடும் முடிந்தது, பன்னிரண்டே கால். இனி தலைமாடுதான். சங்கரன்கோவில் ஆசாரி செய்தது, ஜோடி அன்னம் போடுங்க என்று நான்தான் கேட்டு வாங்கினேன். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நடுவில் மூக்கு முட்ட நிற்கும். சரியாக நடுவில் அறுத்தால் ஆளுக்கொரு அன்னம், ஆனால் அது இரண்டரை அடி, இரண்டரை அடிக் கட்டிலில் திரும்பிப் படுத்தால் கீழே விழுவாள். மூன்றடியில் அறுத்தால் இந்த அன்னத்தோடு அந்த அன்னத்தின் மூக்கும் கழுத்தும் ஆறு இஞ்ச் வந்துவிடும். காலையிலிருந்து மனசில் ஒரு ஓரத்தில் இது உட்கார்ந்துகொண்டே இருக்கிறது. கட்டம் போட்ட துணியில் தையல் விழுகிற இடத்தில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும், சேராவிட்டால் அந்த ஜாக்கெட்டை நான் வெளியே கொடுக்க மாட்டேன். அடுத்தவன் மூக்கு இவள் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கலாமா? உளியால் செதுக்கிவிடலாம், குழி விழும், குழியில் பட்டி வைக்கலாம், மேலே பெயிண்ட் அடித்தால் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தது தெரியாத மாதிரி வேலை செய்வதில்தான் நான் கெட்டிக்காரனாயிற்றே. வெளிக்கோடு போடாமல் ஒரே ஒரு கோடு போட்டேன். ரம்பத்தை வைத்தேன். கனத்த பலகை, இரண்டு கையும் வேண்டும், முட்டியால் அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் தூள் கொட்டுகிறது. அன்னத்தின் கழுத்தில் ரம்பம் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன், மரம்தானே, இருந்தாலும் மூடிக்கொண்டேன். கடைசி இழுப்பில் துண்டு தரையில் விழுந்து டைல்ஸ் ஒன்று கீறல் விட்டது. நிமிர்ந்தால் வாசலில் வல்லி.

கடையில் சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். கையில் ஒரு பை, கடையில் கொடுத்த சேலையாக இருக்கும். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தரையில் கிடந்த துண்டைப் பார்த்தாள், சுவரோரம் அடுக்கி வைத்த பலகைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னப்பா இது? கட்டிலயா அறுத்தீங்க?" என்றாள். உனக்குத்தாம்மா, ஒரு ஆளுக்குச் சரியா இருக்கும், மூணடி, பெயிண்ட் அடிச்சுட்டா அந்தக் கட்டில்னே தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். அறுத்த முனையை விரலால் தடவினாள். "முழுசா விட்டிருக்கலாம்லப்பா" என்றாள். "ஒத்தப் பிள்ளைக்கு எதுக்கும்மா அவ்வளவு பெருசு, மறுபாதி சும்மா கெடந்தா உனக்கு..." "சும்மா எதுக்குக் கெடக்கு? நான் உருளுவேன்ல. அந்த வீட்ல ரெண்டு வருஷம் இதுல ஓரத்துல ஒரு சாண்லதான் படுத்தேன். என் கை தெரியாம பட்டாக்கூட அவரு எந்திரிச்சு ஹாலுக்குப் போயிருவாரு. அதனால கைய மடக்கி வச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன். தெருமுனையில இது வந்து எறங்குச்சுல்ல, அன்னைக்கே நெனச்சேன். ஒரு நாளாவது இதுல நட்டநடுவுல கையையும் காலையும் விரிச்சுப் போட்டுப் படுக்கணும்னு." அவள் அழவில்லை. நான் ரம்பத்தை வைத்துவிட்டு மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டேன். "தெரியாம அறுத்துட்டேனே தாயி" என்றேன். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லப்பா" என்றாள், கோபமாக இல்லை, சாதாரணமாக.

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "வல்லி, எனக்குத் தெரியும்மா" என்றேன். "அந்த ஜாக்கெட்டு... தீபாவளியிலேயே தெரியும். முப்பத்தஞ்சு, அப்புறம் முப்பத்து மூணரை, அப்புறம்..." அளவைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மன்னித்துவிடு என்று சொல்ல வரவில்லை, இஞ்ச் கணக்குத்தான் வாயில் வருகிறது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்பா, உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அருப்புக்கோட்டையில டெய்லரே இல்லையா? எங்க வீட்டுக்கு எதுத்தாப்புலயே ஒருத்தர் இருந்தாரு, அரை மணி நேரத்துல பிடிச்சுக் குடுப்பாரு. எதுக்கு ஒவ்வொரு தடவையும் பையில வச்சு உங்ககிட்டத் தூக்கிட்டு வந்தேன்? அம்மாகிட்டச் சொன்னா ஊரக் கூட்டி அழுவா. எனக்கும் வாயால சொல்ல வரல. நீங்க டேப்ப வச்சீங்கன்னா என்னன்னு கேட்டுருவீங்கன்னு நெனச்சேன்." மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் என் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள், நான் டேப்பைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். "திங்கக்கிழம போகணுமா?" என்று மட்டும் கேட்டேன். "போவேன்ப்பா. ரூம் நல்லா இருக்கு. ஆனா எனக்குப் போகணும். மாசம் ஒருக்க வருவேன்." அவள் ஒரு மரச் சுருளை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "வரும்போது இளைச்சிருந்தா ஏன்னு கேளுங்க. பிடிச்சுக் குடுக்காதீங்க."

"ஏம்மா இப்படி இளைச்சுப் போனே?" என்று கேட்டேன். இரண்டரை வருஷம் கழித்துக் கேட்கிறேன், குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் விரலில் சுற்றிய மரச் சுருளைப் பிரித்துக் கீழே வைத்தாள். அப்புறம் சொல்ல ஆரம்பித்தாள், முதல் ஆடியிலிருந்து, ஒவ்வொன்றாக. சாப்பாடு ஆறுகிறது என்று கோமதி உள்ளேயிருந்து இரண்டு தரம் கூப்பிட்டாள். "ஏளா, கொஞ்சம் இரு, பிள்ள பேசிக்கிட்டு இருக்கா" என்றேன்.